பரிசுத்தாள் எல்லாம் கடதாசி அல்ல: திருகோணமலையில் ஒரு பொதி பிரிக்கப்பட்ட பிறகு நடப்பவை

2025 நவம்பர் 1 முதல் இலங்கையில் கடைக்காரர்கள் பொலித்தீன் சொப்பிங் பைகளை இலவசமாகக் கொடுக்க முடியாது. பையின் விலையைப் பற்றுச்சீட்டில் தனியாகக் காட்ட வேண்டும். இந்த நடைமுறை வந்ததிலிருந்து பண்டிகைக் கடைத்தெருவில் ஒரு கேள்வி இயல்பாகவே எழுகிறது. பைக்குக் காசு வாங்குகிறார்கள். அந்தப் பைக்குள் இருக்கும் பரிசைச் சுற்றிய மினுங்கும் தாளுக்கு எந்தத் தடையும் இல்லையா? அது கடதாசிதானே, உக்கிவிடும்தானே?

குழப்பத்தின் வேர் அந்தக் கடைசிக் கேள்வியில் இருக்கிறது. ‘கிப்ட் பேப்பர்’ என்று கேட்டு வாங்கும் பலவற்றில் பேப்பரே கிடையாது. எனவே எதைக் கொண்டு பொதிவது என்று பார்ப்பதற்கு முன்னர், இப்போது எதைக் கொண்டு பொதிகிறோம் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடையில் தொங்கும் தாள்கள் எவற்றால் ஆனவை?

பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும் பரிசுத்தாள்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

1. வெறும் கடதாசி. பழுப்பு நிறப் பொதித்தாள், பத்திரிகைத்தாள், பளபளப்பு இல்லாமல் பூ அச்சிட்ட தாள் ஆகியவை இதில் அடங்கும். இவை மரநாரால் ஆனவை. மண்ணிலும் மழையிலும் கரையும்.

2. பிளாஸ்டிக் தோல் போர்த்திய கடதாசி. உள்ளே கடதாசி, மேலே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பிளாஸ்டிக் படலம். வழுவழுப்பான பரிசுப் பைகள் பெரும்பாலும் இந்த வகைதான். ஒரு பொருளில் இரண்டு பொருள்கள் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டிருப்பதால், இது கடதாசிக் குப்பையிலும் சேராது, பிளாஸ்டிக் குப்பையிலும் சேராது.

3. உலோகப் பூச்சேற்றிய படலம். பொன்னிறத்திலும் வெள்ளி நிறத்திலும் கண்ணாடி போல மின்னுவது இதுதான். காற்று வெளியேற்றப்பட்ட அறையில் அலுமினியத்தைச் சூடாக்கி ஆவியாக்குகிறார்கள். உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் படலத்தின் மேல் அந்த ஆவி படிகிறது. படியும் உலோகத்தின் தடிப்பு நனோமீற்றர் (ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) அளவில்தான் இருக்கும். ஆகவே இதைச் சமையலறையில் உள்ள அலுமினியத் தாளோடு சேர்த்து எண்ணக்கூடாது. பிரித்தெடுத்து விற்கும் அளவுக்கு இதில் உலோகம் இல்லை. மீதி முழுவதும் பிளாஸ்டிக்.

4. கண்ணாடித்தாள். பழக்கூடைகளுக்கும் கேக் பெட்டிகளுக்கும் மேலே சுற்றுவது. இதைச் ‘செலோபேன்’ என்று சொல்லும் வழக்கம் உண்டு. உண்மையான செலோபேன் மரக்கூழிலிருந்து செய்யப்படுவது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜாக் பிராண்டன்பெர்கர் உருவாக்கியது, மண்ணில் உக்கக்கூடியது. இன்று அந்தப் பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் பொலிப்புரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். பெயர் பழையது, பொருள் வேறு. செலோடேப்புக்கும் இதே கதைதான். 1930இல் அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தில் ரிச்சர்ட் ட்ரூ செய்த ஒட்டுநாடா செலோபேனால் ஆனது. இப்போது கடைகளில் கிடைக்கும் மலிவான நாடாக்கள் பெரும்பாலும் பொலிப்புரொப்பிலீன்தான்.

இவற்றோடு சுருட்டி விடும் ரிபன், பிளாஸ்டிக் பூ, மினுக்குத்தூள் ஆகியவையும் சேர்கின்றன. வழக்கமான மினுக்குத்தூள் என்பது உலோகப் பூச்சேற்றிய பொலியெஸ்டர் படலத்தைத் தூளாக வெட்டியதுதான். பிறக்கும்போதே நுண்பிளாஸ்டிக்காகப் பிறக்கும் பொருள் அது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஒக்டோபரில் தளர்வான பிளாஸ்டிக் மினுக்குத்தூளின் விற்பனையைக் கட்டுப்படுத்தியது இதனால்தான்.

வீட்டிலேயே செய்துபார்க்கக்கூடிய சோதனை

தாளைக் கைக்குள் நன்றாகக் கசக்கிப் பந்தாக்கிக் கையை விரியுங்கள். பந்தாகவே கிடந்தால் அது பெரும்பாலும் கடதாசி. மெதுவாக விரிந்து எழுந்தால் பிளாஸ்டிக்.

இந்தச் சோதனை இரண்டாவது வகைத் தாளில் ஏமாற்றிவிடும். உள்ளே கடதாசி தடிப்பாக இருந்தால், பிளாஸ்டிக் தோல் இருந்தாலும் கசங்கியபடியே கிடக்கும். அதனால் ஓரத்தைக் கிழித்தும் பாருங்கள். வெறும் கடதாசியின் கிழிந்த விளிம்பில் நார் நாராகத் தெரியும். தோல் போர்த்திய தாளில் கடதாசி கிழிந்த பிறகும் ஒரு மெல்லிய சவ்வு இழுபடும். அதிலும் ஐயம் என்றால் ஒரு துண்டை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவிடுங்கள். காலையில் விரலால் தேய்த்தால் கடதாசி கூழாகும், சவ்வு கையோடு வரும்.

இந்தத் தண்ணீர்ச் சோதனைதான் மீள்சுழற்சி ஆலையில் பெரிய அளவில் நடக்கிறது. பழைய கடதாசியை முதலில் தண்ணீரில் இட்டுக் கடைந்து கூழாக்குகிறார்கள். நார் தண்ணீரில் பிரிந்துவிடும். சவ்வு, நாடாவின் பசை, மினுக்குத்தூள் ஆகியவை பிரியாமல் சல்லடைகளில் ஒட்டிக்கொள்ளும், அல்லது புதிய தாளில் புள்ளியாகப் படியும். நல்ல கடதாசியின் நாரை ஏறத்தாழ ஐந்து முதல் ஏழு முறை இப்படித் திருப்பிப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு முறையும் நார் குட்டையாகிக்கொண்டே போகும். கிழக்கு மாகாணத்தில் கடதாசி பற்றிப் பேசும்போது வாழைச்சேனை ஆலையை நினைக்காமல் இருக்க முடியாது. 1950களில் தொடங்கிய அந்த ஆலை வயல்களின் வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்டது. வைக்கோலிலிருந்து தாள் செய்த மாகாணத்தில், தாள் என்ற பெயரில் பிளாஸ்டிக்கைச் சுற்றிக் கொடுக்கும் நிலைக்கு வந்திருக்கிறோம் என்பது வருந்த வேண்டிய விடயம்.

திருகோணமலையில் இது ஏன் கூடுதலான பிரச்சினை?

ஒரே தாள் கொழும்பில் விழுவதற்கும் இங்கே விழுவதற்கும் வேறுபாடு உண்டு. காலமும் நிலமும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன.

முதலில் காலம். பரிசு கொடுக்கும் நாட்களை வரிசையாக எழுதிப் பாருங்கள்: ஒக்டோபர் 1 சிறுவர் தினம், ஒக்டோபர் 6 ஆசிரியர் தினம், தீபாவளி, டிசம்பர் 25 நத்தார், புத்தாண்டு, தைப்பொங்கல். நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் ஆண்டுக்கு ஏறத்தாழ பதினொரு நாள் முன்னே நகர்வதால் அவை எந்தப் பருவத்திலும் வரலாம். சித்திரைப் புத்தாண்டு வெயில் காலத்தில் வருகிறது. மற்றவை எல்லாம் ஒக்டோபருக்கும் ஜனவரி நடுப்பகுதிக்கும் இடையில் நெருங்கி நிற்கின்றன. திருகோணமலைக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி கிடைப்பதும் அதே மாதங்களில்தான். பொதிகள் பிரிக்கப்படும் காலமும் வாய்க்கால்கள் நிரம்பி ஓடும் காலமும் இங்கே ஒன்றாக இருக்கின்றன.

அடுத்தது நிலம். நகரம் கடலுக்குள் நீண்ட ஒரு நிலத்துண்டில் இருக்கிறது. ஒரு பக்கம் உட்துறைமுகம், மறுபக்கம் டச்சுக் குடாவும் பின்குடாவும். வீதியோர வாய்க்காலில் விழும் ஒரு ரிபன் கடலைச் சேர நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. பொலிப்புரொப்பிலீன் கடல் நீரை விட இலேசானது. மிதந்தபடி அலையோடு அலைந்து கரையில் ஒதுங்கும், வெயிலில் நொறுங்கும். பொலியெஸ்டர் கடல் நீரை விடப் பாரமானது. மினுக்குத்தூள் போன்றவை கீழே போய் மணலோடு கலக்கும். நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவு 2003இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது, அதைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளுக்காக. வாய்க்காலில் கலந்த தூளை அந்தப் பாறைகளிலிருந்து பிரித்தெடுக்க யாராலும் முடியாது.

மூன்றாவதாக மான்கள். பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் அதை அடுத்த வீதிகளிலும் திரியும் புள்ளிமான்களைப் பார்க்காதவர்கள் இந்த ஊரில் இருக்க மாட்டார்கள். அவை குப்பைத் தொட்டிகளில் வாய் வைப்பதையும் பார்த்திருப்போம். மானும் மாடும் அசைபோடும் விலங்குகள். அவற்றின் இரைப்பையின் முதல் அறை பெரிய பை போன்றது. புல் அங்கே ஊறி, மென்மையாகி, மீண்டும் வாய்க்கு வந்து, பிறகு அடுத்த அறைகளுக்குப் போகும். கேக்கின் வெண்ணெய் பட்ட கண்ணாடித்தாளை மணத்துக்காக விழுங்கினால், அது முதல் அறையிலேயே தங்கிவிடுகிறது. செரிக்கவும் முடியாது, அடுத்த அறைக்கு நகரவும் முடியாது. நாள்பட நாள்படத் தாள்கள் ஒன்றோடொன்று பின்னி உருண்டையாகின்றன. வயிறு நிரம்பியது போன்ற உணர்வு ஏற்பட, விலங்கு மேய்வதைக் குறைத்துக்கொள்கிறது. உள்ளே நிறைந்த வயிற்றோடு பட்டினியாக மெலிகிறது. நத்தார் கேக்கைச் சுற்றிய தாளும் இந்த உருண்டையில் போய்ச் சேரலாம் என்பதை இந்த ஊரில் வாழும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

கடைசியாக நெருப்பு. காலையில் முற்றத்தைக் கூட்டி, சருகோடு சேர்த்துக் குப்பையை எரிப்பது நமது பழைய வழக்கம். சருகு மட்டும் இருந்த காலத்தில் அது வேறு. பண்டிகைக்கு மறுநாள் அந்தக் குவியலில் உலோகப் படலமும், பிவிசி என்ற பிளாஸ்டிக் கலந்த தோரணமும், சாயம் ஏறிய தாளும் இருக்கின்றன. பிவிசி திறந்த வெளியில் குறைந்த வெப்பத்தில் எரியும்போது டயொக்சின் போன்ற நச்சுகள் உருவாகின்றன. புகை முதலில் போவது அதைக் கூட்டிக் கொளுத்துபவரின் மூக்குக்குள்தான்.

சட்டம் எதுவரை வந்திருக்கிறது?

1. 2017 ஏப்ரல் 14 அன்று கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து 32 பேர் உயிரிழந்தனர். அதே ஆண்டு செப்டெம்பரில், 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீன், லஞ்ச்ஷீட், ரெஜிபோம் உணவுப் பெட்டி ஆகியவை தடைசெய்யப்பட்டன. சமய, சமூக, அரசியல் நிகழ்வுகளில் பொலித்தீனை அலங்காரத்துக்குப் பயன்படுத்துவதும், பிளாஸ்டிக் கலந்த குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பதும் அந்தத் தடைகளுக்குள் வந்தன. ஆக, முற்றத்தில் பரிசுத்தாளை எரிப்பது உடல்நலக் கேள்வி மட்டும் அன்று, சட்டமீறலும்கூட.

2. 2021இல் சிறிய சசே பைக்கெற்றுகள், பிளாஸ்டிக் தண்டுள்ள காதுக்குச்சிகள், காற்றடைத்து ஊதும் விளையாட்டுப் பொருட்கள் போன்றவை.

3. 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழாய், கரண்டி, தட்டு, இடியப்பத் தட்டு, பிளாஸ்டிக் மாலை.

4. 2025 நவம்பரில் சொப்பிங் பைக்குக் கட்டணம்.

இந்தப் பட்டியல்களில் ‘பரிசுத்தாள்’ என்ற பெயர் தனியாக இடம்பெறவில்லை. அதனால்தான் கடைகளில் அது தடையின்றித் தொங்குகிறது. தடைசெய்யப்படாத பொருள் தீங்கற்றது என்று எடுத்துக்கொள்வது தவறான கணக்கு.

‘சுற்றாடலுக்கு உகந்தது’ என்ற முத்திரையின் பொருள் என்ன?

மாற்றுத் தேடுபவர்களைத்தான் சந்தை அதிகம் குழப்புகிறது. மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

‘உக்கும் பிளாஸ்டிக்’ என்ற சொல் முதலாவது. அதில் ஒரு வகை, வெயிலிலும் காற்றிலும் வேகமாக நொறுங்குவதற்காக வேதிப்பொருள் சேர்த்தது. நொறுங்குவது உக்குவது ஆகாது. ஒரு தாள் ஆயிரம் துணுக்காகிறது, அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் இருந்து இதைச் சந்தையில் அனுமதிப்பதில்லை. இன்னொரு வகை சோளம் போன்றவற்றின் மாச்சத்திலிருந்து செய்யப்படும் பிஎல்ஏ. அது உண்மையிலேயே உக்கும், ஆனால் அதற்கு 60 பாகை செல்சியஸ் அளவு வெப்பத்தை நாள்கணக்கில் தாங்கும் பெரிய பசளை ஆலை வேண்டும். வீட்டுக் கிடங்கில் அந்த வெப்பம் வராது, கடலில் நிச்சயம் வராது.

இரண்டாவது, துணி போலத் தோன்றும் பை. ஜவுளிக் கடைகளில் கொடுக்கும், சிறிய புள்ளிகள் அழுத்தப்பட்ட, தையலின்றி ஒட்டிய பையைப் பலர் துணிப்பை என்றே நம்புகிறார்கள். அது நெய்யப்பட்டதே இல்லை. பொலிப்புரொப்பிலீன் இழைகளை வெப்பத்தால் அழுத்தி ஒட்டியது. நாள்படக் கிடந்தால் பொடிப்பொடியாக உதிர்வதைக் கவனித்திருப்பீர்கள். உதிர்வது பருத்தி அன்று, பிளாஸ்டிக்.

மூன்றாவதுதான் பலரும் எதிர்பார்க்காதது: புதிய பருத்திப் பை. பிரித்தானியாவின் சுற்றாடல் முகவரகம் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறிவதால் காலநிலைக்கு ஏற்படும் சுமையை ஈடுசெய்ய, கடதாசிப் பையை 3 முறை, மேலே சொன்ன நெய்யாத பையை 11 முறை, பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும் என்று அது கணக்கிட்டது. பருத்தி விளைவிக்கத் தண்ணீரும் உரமும் வேண்டும், நூற்கவும் நெய்யவும் சாயமிடவும் ஆற்றல் வேண்டும் என்பதே காரணம். இந்தக் கணக்கு காலநிலையை மட்டும் அளந்தது. கடலில் மிதப்பதும் மானின் வயிற்றில் தங்குவதும் அதில் வரவில்லை. ஆகவே பிளாஸ்டிக்கே மேல் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. பரிசு பொதிவதற்கென்று புதிய துணி வாங்குவது நல்ல வழி இல்லை என்பதுதான் இதிலிருந்து கிடைக்கும் முடிவு.

ஒரு பொதியை மதிப்பிட, இரண்டு கேள்விகள் போதும். இது ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதா? பிரித்த பிறகு இது இன்னொரு வேலைக்குப் போகுமா, அல்லது நமது முற்றத்து மண்ணிலேயே உக்குமா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் முத்திரை எதுவும் தேவையில்லை.

ஓலை, துணி, இலை

சித்திரைப் புத்தாண்டில் கைவிசேடம் கொடுப்பதை நினைத்துப் பாருங்கள். வெற்றிலையில் காசை வைத்துக் கொடுக்கிறோம். அந்த வெற்றிலைதான் உறை. கல்யாணச் சீரைத் தட்டத்தில் அடுக்கி, மேலே பட்டுத்துணி போர்த்திக் கொண்டுபோகிறோம். தட்டமும் துணியும் வீட்டுக்குத் திரும்பி வருகின்றன. பனங்கட்டி அதே பனையின் ஓலையால் இழைத்த குட்டானில் வருகிறது. கடலை சரையில் வருகிறது. பொருளை மூடிக் கொடுக்கும் அழகு நமக்குப் புதிதாகக் கற்க வேண்டிய ஒன்றாக இல்லை. ஜப்பானியர்கள் சதுரத் துணியில் முடிச்சிடும் ‘புரோஷிகி’ முறையை 2006இல் அந்நாட்டுச் சுற்றாடல் அமைச்சரே முன்னின்று பரப்ப வேண்டியிருந்தது. நமது பாட்டிமார் முந்தானையில் முடிந்து கொடுத்ததும் அதே அறிவுதான்.

*ஓலைப்பெட்டி*

எல்லா வழிகளிலும் இதையே முதலில் வைக்க வேண்டும். இங்கே பொதியும் பரிசும் ஒன்றே. பிரித்து எறிய எதுவும் மிஞ்சுவதில்லை. பனையின் குருத்தோலையை வெட்டிக் காயவைத்து, வார்ந்து, சாயமிட்டு இழைக்கிறார்கள். மூடியுள்ள சிறிய பெட்டி, குட்டான், கைப்பிடிப் பை எனப் பல அளவுகளில் கிடைக்கும். பெட்டியில் இரண்டு சோடி வளையலோ, பயற்றம் பணியாரமோ, ஒரு புத்தகமோ வைத்துக் கொடுத்தால், பெறுபவர் அதைத் தையல் சாமானுக்கோ வெற்றிலைக்கோ வைத்துக்கொள்வார். காசும் ஊரில் இழைக்கும் கைகளுக்குப் போகிறது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டதன் நோக்கங்களில் இந்தக் கைத்தொழிலைக் காப்பதும் ஒன்று.

வாங்கும்போது இரண்டைப் பாருங்கள். ஓலைக்குப் பதிலாகப் பொதி கட்டும் பிளாஸ்டிக் பட்டியால் பின்னிய கூடைகளும் ஓலைப் பொருட்களுக்கு அருகிலேயே விற்கப்படும். தொட்டுப் பார்த்தால் வேறுபாடு தெரியும். மற்றது ஈரம். மார்கழி மழையில் ஓலை பூஞ்சணம் பிடிக்கும். பலகாரத்தை நேரடியாக வைக்காமல், வாட்டிய வாழையிலையை விரித்து அதன் மேல் வையுங்கள்.

*பழைய சேலை*

சதுரத் துணியின் மூலைவிட்டம் பெட்டியின் நீண்ட பக்கத்தைப் போல மூன்று மடங்கு இருந்தால் முடிச்சு வசதியாக வரும். இதை மனதில் வைத்து ஒரு பழைய சேலையைக் கணக்கிடுவோம். ஐந்தரை மீற்றர் நீளமும் 1.1 மீற்றர் அகலமும் உள்ள சேலையை 55 சென்றிமீற்றர் சதுரங்களாக வெட்டினால் 20 துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொன்றின் மூலைவிட்டமும் ஏறத்தாழ 78 சென்றிமீற்றர். அதாவது 25 சென்றிமீற்றர் நீளமான பெட்டிவரை அதில் கட்டலாம். ஒரு குடும்பத்தின் ஓராண்டுப் பரிசுகளுக்கு ஒரு சேலை போதும்.

கட்டும் முறை எளிது. துணியைச் சாய்சதுரமாக விரித்து நடுவில் பெட்டியை வையுங்கள். எதிரெதிர் மூலைகள் இரண்டை மேலே மடித்துப் படியவிடுங்கள். மீதி இரண்டையும் அவற்றின் மேல் இழுத்து இரட்டை முடிச்சிடுங்கள். நாடா வேண்டாம், கத்தரிக்கோல் வேண்டாம். தேன் போத்தல் என்றால் துணியின் நடுவில் நிறுத்தி, இரண்டு மூலைகளைக் கழுத்துக்கு மேல் முடிந்து, மற்ற இரண்டை இடையில் குறுக்கே சுற்றிக் கட்டலாம். முற்றாக மூடாத தயிர்ச் சட்டிக்கும் இந்தக் கட்டு பொருந்தும், தூக்கிச் செல்லப் பிடியும் கிடைக்கும்.

சேலை பருத்தியா பொலியெஸ்டரா என்று தெரியாவிட்டால் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி கடதாசி எரிவது போல மணத்து மென்சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிச் சிறு மணியாக இறுகும். பொலியெஸ்டர் என்றாலும் பொதியலாம், ஏனென்றால் துணி ஏற்கெனவே இருக்கிறது. பிய்ந்த பிறகு அதை எரிக்கவோ மண்ணில் புதைக்கவோ கூடாது என்பதே வேறுபாடு.

*கடதாசி*

பழுப்புத் தாள், பழைய நாட்காட்டித் தாள், பிள்ளைகள் வரைந்த படம், பத்திரிகை எதுவானாலும் சரி. பத்திரிகைத்தாளில் உணவை நேரடியாகச் சுற்ற வேண்டாம், அச்சு மையில் உடலுக்கு ஆகாத எண்ணெய்கள் உண்டு. தாள் வீணாகாமல் வெட்ட, ஒரு பக்கத்துக்குப் பெட்டியின் சுற்றளவோடு 3 சென்றிமீற்றர் சேர்த்துக்கொள்ளுங்கள். மறுபக்கத்துக்குப் பெட்டியின் நீளத்தோடு அதன் உயரத்தில் ஒன்றரை மடங்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மடித்த பின் தும்புக்கயிற்றாலோ சணலாலோ வாழைநாராலோ குறுக்கும் நெடுக்கும் கட்டினால் நாடா தேவைப்படாது. ஒட்டியே ஆக வேண்டிய இடத்தில் கோதுமை மாப்பசை போதும்.

*இலை, பூ*

பூவரசிலை, மாவிலை, செவ்வரத்தை, காய்ந்த நெற்கதிர் ஆகியவற்றைக் கயிற்று முடிச்சில் செருகலாம். தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாது என்பதால் மழைநாளில் மேலுறையாக உதவும். ஒன்றை மட்டும் செய்யக்கூடாது. ‘இயற்கை அலங்காரம்’ என்று கடற்கரையிலிருந்து சிப்பியும் பவளத்துண்டும் பொறுக்கி ஒட்டுவது வேண்டாம். சங்கு போன்ற வெற்று ஓடுகள், பிற உயிர்களின் ஓட்டுக்குள் வாழும் முனிவன் நண்டுக்கு வீடு. பவளத்தை எடுப்பது சட்டப்படியும் குற்றம், தேசிய பூங்காவிலிருந்து எதையும் எடுத்துவரவும் கூடாது.

ஏற்கெனவே சேர்ந்துவிட்ட மினுங்கும் தாளை என்ன செய்வது?

நாம் நிறுத்தினாலும் பிறர் கொடுக்கும் பொதிகள் வரும். கொடுத்தவரின் மனம் நோகக்கூடாது. தாளையும் பாதுகாக்க வேண்டும்.

1. கிழிக்காமல் பிரியுங்கள். உலோகப் படலத்தின் ஒரே நன்மை அது எளிதில் கெடாதது. ஈரத்துணியால் துடைத்து, சுருட்டி வைத்தால் பலமுறை பொதியலாம், அலுமாரித் தட்டில் விரிக்கலாம்.

2. உணவு பட்ட கண்ணாடித்தாளைக் கழுவிக் காயவைத்த பிறகே குப்பையில் இடுங்கள், வாய் கட்டிய பையில். மணம் இல்லாவிட்டால் மானும் மாடும் தேடி வராது.

3. வெறும் கடதாசியை நாடா நீக்கி நீலத் தொட்டிக்கான கடதாசிக் குப்பையோடு சேருங்கள். நனைந்து கிழிந்ததைத் துண்டாக்கி வாழையடியில் போட்டுவிடலாம்.

4. ரிபனையும் நாடாவையும் முடிச்சிட்டுச் சிறிய உருண்டையாக்கி இடுங்கள். நீளமாக அலையும் இழைதான் பறவையின் காலிலும் ஆமையின் துடுப்பிலும் சுற்றுவது.

தைப்பொங்கல் கழிந்து மழை ஓய்ந்து வெயில் நிலைக்கும் நாட்களில், வீட்டில் சேர்ந்திருக்கும் ஓலைப் பெட்டிகளையும் கட்டுத் துணிகளையும் ஒரு பகல் முழுவதும் முற்றத்தில் காயவைத்து, காய்ந்த வேப்பிலை இட்டு எடுத்து வையுங்கள். சித்திரையில் கைவிசேடத்துக்கு வரும் பிள்ளைகளிடம் பலகாரம் கொடுத்தனுப்ப அவையே போதும்.